குரல் பாட்டம்

சோதனைக் காலம் இன்று நள்ளிரவோடு முடிகிறது.
அதுவரை பதினேழாம் எண் குரல்
எனக்குச் சும்மா பாடும்.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
முட்டைத் தட்டு ஒட்டிய அறையில்
பாகோடு சபையின் கிறிஸ்துமஸ் பாட்டை
தண்ணீர்கூடக் கேட்காமல் முடித்துக் கொடுத்தது.
இருபது நொடிக்கு ஒருதரம் மட்டும்
தொழுவத்துக்கும் விண்மீனுக்கும் நடுவே
‘இது சோதனைப் பதிப்பு’ என்று சொல்லிவிட்டுத்
தொடர்ந்தது, சுருதி பிசகாமல்.

ரப்பர் ஷீட்டு எடைச்சீட்டின் பின்பக்கம்
கணக்கு எழுதுகிறேன்.
மாதம் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு.
வருடத்துக்கு மொத்தமாய்க் கட்டினால்
மூன்று மாதம் தள்ளுபடி. வரி தனி.
லிட்டில் புளோராவுக்குப் பாட்டொன்றுக்கு இரண்டாயிரம்,
ஒரு சாயா, இரண்டு ஏத்தம்பழ பஜ்ஜி.
அருமனையிலிருந்து பஸ்சுக்குக் காசில்லை,
ஆனால் அந்த இலவச பஸ் வருகிற நேரம்தான்
எங்கள் ரெக்கார்டிங் நேரம்.
தொண்டை கட்டினால் மூன்று நாள் போச்சு.
டிசம்பருக்கு ஒன்பது ஆல்பம் நிற்கிறது.
கூட்டிப் பார்த்தால் மெஷின் ஜெயிக்கிறது.

ஜெயித்ததை ஓரமாய் வைத்துவிட்டு
நிபந்தனைகளைப் படித்தேன். அறுபத்திரண்டு பத்தி.
பதினான்காவது:
சந்தா நின்றால், செய்த பாட்டை
நீங்கள் கேட்கலாம், விற்கக் கூடாது.
இருபத்தொன்றாவது:
குரல் கொடுத்தவருக்கு மனம் மாறினால்
குரல் நீக்கப்படும்.
அதற்கும் கீழே, எறும்பு எழுத்தில்:
வழக்கு என்று வந்தால் பயனாளர் பொறுப்பு.

பயனாளர் என்றால் நான்தான்.
சேகரத்துக்கு விற்ற ஐந்நூறு பென்டிரைவையும்
வீடுவீடாய்ப் போய்த் திரும்ப வாங்குகிற மாதிரி
ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன்.

டென்சனுக்கு வாசித்துக் காட்டினேன்.
குலசேகரத்தில் முந்நூறு மரம்
பாட்டத்துக்கு எடுத்து வெட்டுகிறவன்.
“பாட்டம் முடிஞ்சா மரம் அவனுக்கு.
வித்த ஷீட்டு எனக்குல்லா?
வித்ததையும் திருப்பிக் கேட்டா
இது என்ன பாட்டம்?”
பாட்டுக்குப் பாட்டம், பொருத்தமாக இருக்கே என்று
நான் சிரித்தேன்.
அவன் பால் கறை ஒட்டிய விரலைச்
சுரண்டிக்கொண்டே கேட்டான்:
“இதெல்லாம் அவன் எழுதினது.
நீ புளோராகிட்ட எழுதி வாங்கினது உண்டா?”

இல்லை.
ஏழு வருடம், பதினோரு ஆல்பம்,
ஒரு துண்டுக் காகிதம் இல்லை.
நாகர்கோவில் நகைக்கடைக்கு அவள் பாடிய நாலு வரி
மூன்று வருடம் லோக்கல் சேனலில் ஓடியது.
அவளுக்குக் கிடைத்தது அன்றைய இரண்டாயிரம்.
அன்றைக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

பதினொன்றரைக்கு அவளைக் கூப்பிட்டேன்.
ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரில் இரவு டியூட்டி.
பின்னால் யாரோ சில்லறைக்குச் சண்டை.
எல்லாவற்றையும் சொன்னேன், நகைக்கடை உட்பட.
கொஞ்ச நேரம் பிரிண்டர் மட்டும் பேசியது.
பிறகு, “அக்கா, அந்தப் பதினேழு யாராக்கும்?”
“தெரியாது.”
“அவளுக்கு மாசாமாசம் பைசா கிட்டுமா?”
“அதுவும் தெரியாது.”
“மனசு மாறலாம்னு ஒண்ணு சொன்னீங்களே,
எத்தனாவது அது?”
“இருபத்தொண்ணு.”
“எனக்கு அதை மட்டும் எழுதித் தாருங்க.
மத்ததைப் பொறவு பேசுவோம்.”

பன்னிரண்டுக்கு நாலு நிமிடம்.
கார்டு எண் கேட்டது திரை.
ஒரே ஒரு மாதத்துக்குக் கட்டினேன்;
மெட்டுப் படிக்கப் புளோராவுக்கு அனுப்பலாம்,
விற்பது அவள் குரலாக இருக்கட்டும்.
நியாயமா, தெரியவில்லை. டிசம்பர், அவ்வளவுதான்.

எழுதக் காகிதம் தேடி
எடைச்சீட்டைத் திருப்பினேன்.
நாலாம் தரம், நாற்பத்திரண்டு கிலோ.
ஈரத்துக்குக் கழிவு ஒன்றரை.
கொடுத்தவர் கையெழுத்து ஒரு பக்கம்,
வாங்கியவர் கையெழுத்து மறுபக்கம்.